மலை உச்சியில் ஜேர்மன் சாப்பாடு

பெப். 5, வியாழன்

காலை –17. கார்க் கதவு உறைந்து ஒட்டிப்போய்விட்டது. சுடுதண்ணீர் ஊற்றாதே, கண்ணாடி வெடிக்கும் என்று ஜன்னலில் இருந்து இவர் கத்தல். ஊற்றவில்லை. இடுப்பால் இடித்துத் திறந்தேன்.

சனிக்கிழமை வேலையிடத்தார் எல்லோரும் மலைக்கு. வோல்ட்டர் மார்ச்சோடு ஓய்வு, அதற்கான விருந்து. எங்கள் மூக்குக்கண்ணாடி லாப்புக்கு முப்பது வருட சூப்பர்வைசர். ஜேர்மனியில் பிறந்தவர். அறுபத்தாறு வயதிலும் பனிச்சறுக்கு விடவில்லை. அவருக்குப் பிடித்த ஜேர்மன் ரெஸ்ரோரண்ட் ஒன்று சறுக்கு மலையின் உச்சியில் இருக்கிறதாம். வடக்கே இரண்டு மணித்தியாலம். முதலாளி ப்ரையன் பஸ் பிடித்திருக்கிறார்.

கொண்டுபோக:
இரண்டு சோடி காலுறை
இவருடைய ஜக்கெற் (என்னுடையதன் சிப் போச்சு)
தலையிடிக் குளிசை
வோல்ட்டருக்கு வாழ்த்து மட்டை. எல்லோரும் கையெழுத்து வைத்தாயிற்று
சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள்? வேண்டாம். மரியாதை இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் கதை: வோல்ட்டரின் இடத்துக்கு வெளியாள் இல்லை, ப்ரையன் எங்களில் ஒருவரைத்தான் மலையில் வைத்துக் கேட்கப்போகிறாராம். கார்த்திக் என் காதுக்குள், "அக்கா, உங்களத்தான் கேப்பாரு. பாருங்க." கோயம்புத்தூர்ப் பிள்ளை. நாலு வருடமாகப் பக்கத்து மேசை. "சும்மா இரும் தம்பி" என்றேன்.

இங்கே மட்டும் எழுதலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். பதினாறு வருடமாக விளக்குக்குக் கீழே லென்ஸில் கீறல் பார்க்கிறேன். வோல்ட்டர் லீவில் போகிற நேரமெல்லாம் அவருடைய வேலையையும் நான்தான் பார்த்தேன். சம்பளம் கூடும், அது இருக்கட்டும். அந்தக் கண்ணாடி அறைக் கதவில் ஜெசிந்தா என்று எழுதியிருக்க வேண்டும். அவ்வளவு ஆசை. இவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

பெப். 7, சனி

வீட்டுக்கு வர ஆறு மணி. கால்விரல் இன்னும் விறைப்பு. மறக்க முன் எழுதிவிட வேண்டும்.

மலை என்றார்கள். எங்கள் நாட்டு நுவரெலியா மலையைக் கண்டவர்கள் இதை மேடு என்பார்கள். வாய் திறக்கவில்லை.

மேலே போவது கம்பியில் தொங்குகிற பெட்டியில். பெட்டிக்கு ஆறு பேர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அருள் நிறைந்த மரியே செபம். பாதி வழியில் ஆசை விடவில்லை, திறந்து பார்த்தேன். கீழே என் முழங்கால் உயரப் பிள்ளைகள் தடிகூட இல்லாமல் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். தாய்மார் பின்னால். எந்தத் தாயும் கத்தவில்லை.

ரெஸ்ரோரண்ட் முழுக்க மரம். சுவரில் பழைய சறுக்குப் பலகைகள், மான் கொம்பு. கொம்பு பிளாஸ்ரிக்கோ என்று தொட்டுப் பார்த்தேன். உண்மையான கொம்புதான். பரிமாறுகிற பெண்கள் இழுத்துக் கட்டிய சட்டை, பூப்போட்ட பாவாடை, முன்னால் வெள்ளைத் துணி. பாவாடைக்குக் கீழே தடித்த குளிர்க் காற்சட்டையும் சப்பாத்தும். எங்களுக்கு வந்த பிள்ளைக்குச் சொந்த இடம் ஜேர்மனி இல்லை, எங்கள் பக்கத்துப் பிராம்ப்ரன். நீட்டு வாங்கில், தெரியாத ஆட்களோடு முட்டி முட்டி இருக்க வேண்டும். சறுக்குச் சப்பாத்தோடு எல்லோரும் நடக்க, நிலமெல்லாம் டக்கு டக்கு.

இவ்வளவு சாமானும் எப்படி மேலே வருகிறது? அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். விடிய, ஆட்கள் வர முதல், அதே தொங்குபெட்டியிலாம். ஒரு பெட்டியில் கிழங்கு மூட்டை, ஒன்றில் பியர்ப் பீப்பாய். பின்னேரம் குப்பையும் அப்படியே இறங்குமாம். நான் இருந்து வந்த இருக்கையில் காலையில் கிழங்கு இருந்திருக்கும்.

சாப்பாடு:
பிறெற்சல். முறுக்கிய பாண். என் முகத்தின் அளவு, மேலே கல்லுப்பு.
ஷ்னிற்சல். இறைச்சியை அடித்து மெல்லிசாக்கி ரஸ்க்தூளில் புரட்டிப் பொரித்தது. கட்லற்றின் வெளித்தோல்தான், உள்ளே கிழங்கைக் காணவில்லை. புளிக்குத் தேசிக்காய்த் துண்டு இருந்தபடியால் தப்பினேன்.
புளித்த கோவா (கார்த்திக் முட்டைக்கோஸ் என்பான்). வினாகிரி விடுவதில்லையாம். உப்புப் போட்டு வாரக்கணக்கில் மூடி வைப்பதாம். இரண்டு பச்சை மிளகாய் கீறிப்போட்டால் எப்படி இருக்கும்? செய்து பார்க்க வேண்டும்.
கிழங்கு உருண்டை. ரெனிஸ் பந்து அளவு, மேலே கபில நிறக் குழம்பு. இதை நான் சாப்பிடவில்லை.

ஏன் என்றால், அது வோல்ட்டரின் தட்டில் மட்டும்தான் வந்தது. நான் பார்க்கிறதைக் கண்டுவிட்டார். ஒன்று எடுங்கள் ஜெசி என்று தட்டை நீட்டினார். "நோ நோ, நீங்கள் சாப்பிடுங்கள்" என்றேன். சரி என்று தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். நாலையும் அவரே முடித்தார். கடைசி உருண்டை போகுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் விஷயம். அப்பிள் பணியாரம் வந்த நேரம், ப்ரையன் தன் கோப்பியோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஜெசி, வோல்ட்டரின் வேலையை நீங்கள் எடுப்பீர்களா? முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன்."

வாய் தன்பாட்டில்: "ஐயோ, நானா? நோ நோ. என்னைவிடக் கெட்டிக்காரர் இங்கே எத்தனை பேர். வேறு யாருக்கும் கொடுங்கள்." சிரிப்பு வேறு.

ப்ரையன் தலையை ஆட்டினார். "சரி. ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. வற்புறுத்த மாட்டேன்." தோளில் ஒரு தட்டு. எழுந்து போய்விட்டார்.

இருந்தேன். பணியாரத்தை எட்டாக வெட்டி எட்டுத் தரமாகச் சாப்பிட்டேன். அவர் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தார், கோட் எடுக்க. இறங்கும்போது வேறு பெட்டியில் ஏறினார். பஸ்ஸில் எனக்கு மூன்று வரிசை முன்னால், வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

பக்கத்தில் இருந்த கார்த்திக், "என்னக்கா கேட்டாரு?"

"ஒண்டுமில்லை."

இரண்டாம் தரம் ஏன் கேட்கவில்லை?

பெப். 8, ஞாயிறு

கொஞ்சம் வெயில். பூசை முடிந்து மோர்னிங்சைட்டில் பிலோ அன்ரி வீடு. அவவுக்கு முழங்கால் ஒப்பரேஷன், பார்த்துவிட்டு வரத்தான் போனது.

"தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

"வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்." (பொய்.)

"கொஞ்சமா."

"ஐயோ, உந்தக் காலோட எழும்பாதேங்கோ."

"சும்மா இரு பிள்ளை." அவ தடியோடு குசினிக்குள் போய்விட்டா. கேத்தில் சத்தம். மூன்றாம் தரம் கோப்பை கைக்கு வந்தபோது வாங்கினேன். மீன் றோல்ஸும் அதே மாதிரி. மூன்று சாப்பிட்டேன்.

தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் கீழே வைத்தேன். விளக்குக்குக் கீழே லென்ஸைத் திருப்ப ஒரு பக்கத்தில் கீறல் தெரியுமே, அப்படித் தெரிந்தது. நேற்று நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பிரேக்கை மிதித்துவிட்டார். "உமக்கென்ன விசரே? அவன் வெள்ளைக்காரன். வேண்டாம் எண்டால் அவனுக்கு வேண்டாம்தான்."

பின்னால் மகள் ஷெரின், போனில் இருந்து தலை தூக்காமல், "அம்மா, யூ செட் நோ. ஹீ ரெஸ்பெக்ரெட் இற். தட்ஸ், லைக், குட் மனர்ஸ்."

அதுதான் கோபம். ப்ரையன் தன் மரியாதைக்கு நடந்தார், நான் என் மரியாதைக்கு. இரண்டுக்கும் நடுவில் என் வேலை போச்சு. கேட்டவுடன் ஓம், வேணும் என்றால் பறக்காவெட்டி, பேராசைக்காரி என்று சின்ன வயதில் வீட்டில் தொடையில் கிள்ளிப் பழக்கியது. அந்தக் கிள்ளு நாற்பது வருடம் கழித்தும் வேலை செய்கிறது.

அவர்கள் எப்படிக் கேட்டவுடன் சொல்கிறார்கள்? கூச்சம் இல்லையா? சொன்ன பிறகு யாரும் சிரிப்பதில்லையா?

பெப். 9, திங்கள்

இரவே பனி கொட்டிவிட்டது. வேலைக்கு இருபது நிமிடம் பிந்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் கார்த்திக் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தான். "அக்கா, காலையில ப்ரையன் கூப்பிட்டாரு. வோல்ட்டர் வேலைய எடுத்துக்கிறியான்னு கேட்டாரு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லது தம்பி." சிரித்தேன். சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

"நீங்க வேணாம்னுட்டீங்கன்னு சொன்னாரு. நெஜமாவே வேணாமா? இல்ல, நம்ம ஊரு வேணாமா?"

"நிசமாத்தான். நீர் எடும்."

"இன்னொரு தடவ கேக்குறேன்."

"எனக்கென்னத்துக்குத் தம்பி. உமக்குக் கைக்குழந்தை இருக்கு."

அவன் விடவில்லை. கரண்டியைக் கீழே வைத்தான். "குழந்தைய நான் பாத்துக்கிறேன். உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"எனக்கு வேணும்."

மைக்றோவேவ் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது. முகம் சுட்டது எனக்கு. எதையோ களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி.

"அப்ப போய் அவர்கிட்ட சொல்லுங்க. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அக்கா, எனக்கும் வேணும். ஆனா நீங்க வாயத் தொறக்காததால எனக்குக் கிடைச்சுதுன்னா, தினமும் உங்க மூஞ்சியப் பாத்து வேல வாங்க முடியாது."

எனக்கும் வேணும். எவ்வளவு லேசாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு மிச்சத் தயிர்ச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தான்.

கோவா விலை பார்க்கவில்லை. பிறகு.

பெப். 10, செவ்வாய்

–9. வெளிச்சம்.

காரில் வரும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஐ வோண்ற் இற். முதல் சிக்னலில் மெதுவாக. இரண்டாவதில் சத்தமாக, பக்கத்துக் காரில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தா. லாப் இருக்கிற அஜின்கோர்ட் வருமட்டும் விடவில்லை.

எட்டேகால். ப்ரையனின் கதவு திறந்திருந்தது. ஆனாலும் தட்டினேன். இருக்கச் சொன்னார். இருக்கவில்லை, இருந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

வோல்ட்டரின் வேலை எனக்கு வேண்டும் என்றேன்.

அவர் குழம்பிப்போனார். "மலையில் வேண்டாம் என்றீர்களே?"

"நீங்கள் ஒருதரம்தானே கேட்டீர்கள்."

அவர் சிரிக்கவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தார். "எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"குறைந்தது இரண்டு. எங்கள் ஆட்களிடம் மூன்று என்றால் நல்லது."

திறந்த கதவால் வெளியே மேசைகளைப் பார்த்தார். இந்த லாப்பில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். லாப்பை வாங்கிய பன்னிரண்டு வருடத்தில் இவர் யார் யாரிடம் எதை ஒருதரம் மட்டும் கேட்டிருப்பார் என்று யோசிக்கிறாராக்கும். பிறகு சொன்னார்: கார்த்திக்கிடமும் கேட்டாயிற்று, அதை இனி இல்லை என்று சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் முறையாக இன்ரவியூ செய்வேன், கிடைக்கும் என்று இப்போது வாக்குத் தர முடியாது. அது நியாயம் என்றேன். நியாயம்தான்.

போகத் திரும்பினேன்.

"ஜெசி," என்றார். எழுந்து நின்றார். "இந்த வேலை உங்களுக்கு வேண்டு..."

முடிக்க விடவில்லை. ஓம் என்றேன். தமிழில்தான் வந்தது.