டெரெக்குக்கு ஒரு பச்சைக்கல்

ஜனவரி 16, செவ்வாய்

ரீபெக்கா அக்கா கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். பட்டறை ஸ்டூலில் கல்தூசியைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

என் மகள் மாரமாவுக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதி கல்யாணமாம். எனக்கு அழைப்பு இல்லை. வேலை மட்டும் இருக்கிறது: பௌனமு பச்சைக்கல்லில் ஒரு டோகி செதுக்கித் தர வேண்டும். கைக்கோடரி வடிவப் பதக்கம், ஆண் கழுத்துக்கு.

"மாப்பிள்ளைக்கா?"

"டெரெக்குக்கு. வளர்த்தவருக்கு நன்றியா, எல்லார் முன்னாடியும் அவளே போட்டுவிடணுமாம். நம்ம ஆத்துக் கல்லுல, உன் கையாலதான் வேணுங்கிறா."

டெரெக். என் மனைவியைக் கட்டிக்கொண்டவர். என் மகளுக்குச் சைக்கிள் பழக்கியவர்.

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்?

ஜனவரி 17

மழை. கை ஓடவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

எனக்கு நானே நியாயம் பேசிப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் சுரங்கத்துக்கு ஒரு வருஷம் என்று போனவன், பதினோரு வருஷம் திரும்பவில்லை. போகும்போது மாரமாவுக்கு நாலு வயசு. பிறந்தநாளுக்குப் போன் செய்தேன் — சில வருஷம். நான் காலி செய்த இடத்தில்தான் அந்த ஆள் வந்து உட்கார்ந்தார். தெரியும். தெரிந்தால் வயிறு எரியாதா?

ஜனவரி 27, சனி

அரஹுரா ஆற்றுக் கல் ஒன்றை அறுத்தேன். நல்ல கரும்பச்சை. நனைத்து விளக்குக்கு நேரே பிடித்தால் ஒரு மூலையில் மயிரிழை விரிசல். எப்போதும் அப்படிப்பட்ட மூலையை அறுத்து எறிந்துவிடுவேன்.

எறியவில்லை. கயிறு கோர்க்கும் துளையை அங்கேயே போட்டேன்.

பிப்ரவரி 3, சனி

மெருகு முடிந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. என்றைக்காவது ஓர் இழுப்பு — விண்டுவிடும். கொடுக்கும் முன் தண்ணீர் தெளித்து ஓத வேண்டிய கராக்கியா மந்திரத்தை ஓதவில்லை. விரிசலை ஒளித்துவிட்டு ஆசி ஓத, அந்த அளவுக்கு நெஞ்சழுத்தம் வரவில்லை.

அக்கா வந்து வாங்கிப் போனாள். "நீ செஞ்சதுலயே இதுதான்டா அழகு" என்றாள்.

பிப்ரவரி 10, சனி

அக்கா போன். மாரமா கல்லைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாளாம். "வேண்டாவெறுப்பா செஞ்சிருப்பார்னு நெனச்சேன் அத்தை. அப்படித் தெரியல" என்றாளாம்.

கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் அவள் பேசி முடித்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது, அவள் கையிலேயே உடைந்தால்? அவமானம் டெரெக்குக்கா? அடப்பாவி, உன் பிள்ளைக்குடா.

பிப்ரவரி 11, ஞாயிறு

மாரமாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

"மாரமா, அதைப் போடாதம்மா. துளைகிட்ட விரிசல் இருக்கு. வேற செஞ்சு தர்றேன்."

"தெரியாம நடந்ததா?"

பொய் சொல்ல ஒரு நொடி கிடைத்தது.

"தெரிஞ்சுதான்."

பிறகு, "மட்டியு, நீங்க எங்க அப்பாவுக்கு எதுவும் செய்ய வேணாம்."

எங்க அப்பா. நான் மட்டியு. வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 17, சனி

பட்டறையைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அக்கா போட்டோ அனுப்பினாள். சாம்பல் நிறக் கோட்டில் டெரெக். கழுத்தில் என் டோகி.

கூப்பிட்டுக் கத்தினேன். "அவர்கிட்ட அவ சொல்லவே இல்லையா?"

"எல்லாத்தையும் சொன்னா. அவர்தான், 'கொடுத்த கல்லைத் திருப்பக் கூடாதும்மா, உடைஞ்சா உடையட்டும்'னு குனிஞ்சு நின்னார். அப்புறம் விடிய விடிய ஆட்டம் வேற."

உடையவில்லையாம்.

நான் ஒளித்து வைத்த வன்மம் அது. தெரிந்தே மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். திட்டக்கூட இடம் வைக்காத மனுஷன். இப்படிப்பட்டவரை வெறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

அந்த ஆளே போன் செய்தார். துளையைக் கொஞ்சம் கீழே மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"முடியும். விரிசலை அறுத்து எடுத்தா கல்லு சின்னதாகும்."

"ஆகட்டும் மட்டியு. சனிக்கிழமை கொண்டு வர்றேன். எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பத்து மணிக்கு."

இன்னொரு கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நான் மட்டும்தான் வர்றேன்" என்றார்.