ஏழாவது கேள்வி

பிப்ரவரி 6, பிஷ்கெக்

முதுகலை ஆய்வுத் தலைப்புக்கு இன்று ஒப்புதல் கிடைத்தது: சாவுச் செய்தியை நம் வீடுகளில் எப்படிச் சொல்கிறோம். இதழியல் வகுப்பில் மற்ற எல்லோரும் தேர்தல், ஊழல் என்று எடுத்திருக்கிறார்கள். "வாம்மா, இழவு நிருபர்!" என்றான் தாலாய். நானும் சிரித்துவிட்டேன்.

வழிகாட்டி குல்சாத் அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். "பெர்மெத், முடிவுரையை இப்பவே எழுதிட்ட போல இருக்கே?"

எழுதித்தான் விட்டேன். முதல் வரி: "மறைப்பது அநியாயம்."

பிப்ரவரி 9

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்பதை ஆய்வேட்டில் எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. விடுதியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி ஜோல்தோஷ் மாமா எங்கள் ஊர் அத்-பாஷியிலிருந்து காரில் வந்தார். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல. வா, பாத்துட்டு வரலாம்." ஆறு மணி நேரப் பயணம். வழியெல்லாம் வேடிக்கைக் கதை. கோச்கோரில் நிறுத்தி, அடுப்பிலிருந்து எடுத்த ஆட்டுக்கறி சம்சா வாங்கித் தந்தார். இரண்டு தின்றேன். வாசலில் இழவுக் கூடாரம் போட்டிருந்தது. அப்பா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஊருக்கே தெரியும், மகளுக்குத் தெரியாது. மூணாவது சம்சா வேற கேட்டேன் — நினைச்சா இன்னிக்கும் உடம்பு கூசுது.

பிப்ரவரி 27

பதினோராவது பேட்டி. மாஸ்கோவில் காய்கறிக் கடையில் நிற்கும் பெண். அண்ணன் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான்: "அம்மா போயிட்டாங்க." இப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஏழாவது கேள்வி: அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"ஒரு ரஷ்யக் கிழவர். முட்டைக்கோஸ் வாங்க வந்தவர். எடை போட்டேன். வேலை முடியிற வரைக்கும் எடை போட்டுக்கிட்டே இருந்தேன்."

அட்டவணையில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. "பிற" என்ற பத்தியில் போட்டேன்.

மார்ச் 4

மாமாவையும் பேட்டி எடுக்க வேண்டும். இன்றும் போன் செய்யவில்லை.

மார்ச் 23

நூருஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்தது. இருபத்து மூன்று பேட்டிகளையும் பிரித்து அட்டவணையில் ஏற்றிவிட்டேன். "பிற" பத்திதான் நிரம்பி வழிகிறது. நேராகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவன் கட்டடச் சாரத்தின் மேல், ஒருத்தி மெட்ரோ ரயிலில் — முன்பின் தெரியாதவர்கள் நடுவே. பொய் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் பக்கத்தில் எப்போதும் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். கோபம் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

"அப்ப அந்த முதல் வரி?" என்றார் குல்சாத் அக்கா.

"அது இருக்கட்டும்க்கா."

பிடிவாதம்தான். தெரிகிறது.

ஏப்ரல் 11

மாமாவுக்கு நெஞ்சுவலி. நேற்று இங்கே இதய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஊரில் அம்மாவுக்கு அடுத்த வீடு. இங்கே இருக்கும் சொந்தம் நான் ஒருத்திதான்.

நன்றாகவே பேசினார். துணிந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தேன்.

"பேட்டியா? நான் என்ன மந்திரியா?"

"அன்னிக்கு ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

என்னைப் பார்த்தார். "அந்த சம்சா நல்லாத்தானடி இருந்துச்சு?"

கருவியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். எட்டு வருஷம் கழிச்சுக் கேக்கறேன், கிண்டல்!

ஏப்ரல் 14

காலை ஒன்பது மணிக்கு மாமா இறந்துவிட்டார். மருத்துவர் நடைக்கூடத்திலேயே நின்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஏழாவது கேள்விக்கு என் பதில்: தரை துடைக்கும் ஒரு பெண். "காலைத் தூக்கும்மா" என்றாள். தூக்கினேன்.

ஒன்பதரைக்கு அம்மாவின் போன். "எழுந்துட்டானா? ஏதாவது சாப்பிட்டானா?" பின்னால் மாடு கத்தியது. வேறு மனிதக் குரல் எதுவும் இல்லை.

"தூங்கறாரும்மா."

நானா சொன்னேன்? நானேதான்.

பிறகு அம்மாவின் எதிர்வீட்டு சாபிரா அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீ கிளம்பி வா. பெரியவங்கள்லாம் ஆட்டுப் பட்டிக்குப் போயிருக்காங்க, வந்ததும் கூடிப் போய்ச் சொல்றோம். அதுவரைக்கும் உங்கம்மா கூப்பிட்டா எடுக்காத."

"எடுக்காம எப்படிக்கா?"

"எடுத்து என்ன சொல்லுவ?"

அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மாமாவோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்குக் கோச்கோரில் ஓட்டுநர் நிறுத்தி, "சம்சா வேணுமாம்மா?" என்றபோது போன் அடித்தது. "சொல்லியாச்சு," என்றார் சாபிரா அக்கா. அவருக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

சம்சா வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 15

கூடாரத்தில் விரிப்பின் மேல் ரொட்டி அடுக்கியிருந்தது. வந்தவர்கள் பிட்டுத் தின்றார்கள்.

"நான் சுட்டது," என்றார் அம்மா. "தூங்கறான்னியே. சரி, தேறி வந்துடுவான்னு பத்து மணிக்கு மாவு பிசைஞ்சேன்."

ஏப்ரல் 27

ஒலிப்பதிவைக் கேட்டேன். நாற்பது வினாடி. ஆமாம் மாமா, நல்லாத்தான் இருந்துச்சு.

மே 18, அத்-பாஷி

அம்மாவே கேட்டார்: "ஊர்ல எல்லாரையும் கேக்கற, என்னைக் கேக்க மாட்டியா?" கருவியை வைத்தேன்.

பக்கத்தில் யார்? "சாபிரா. அவ தங்கச்சி. இன்னும் நாலு பேர். சாஞ்சேன், புடிச்சுக்கிட்டாங்க."

"நேரா சொல்லியிருக்கணுமாம்மா?"

"அவன் போனது தெரியாம பன்னிரண்டு ரொட்டி சுட்டேன்டி. பாட்டு வேற பாடிக்கிட்டு."

"கோபமா?"

"இருக்கு. எழுதிக்கோ." கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "தனியா இருக்கறப்ப சொல்லியிருந்தா அதுக்கும் கோபம்தான். அதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். "பிற" பத்தியில் அல்ல. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன். முடிவுரையின் முதல் வரியையும்.

ஜூன் 12, பிஷ்கெக்

இன்று ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. இருபத்து நான்காவது பேட்டி மாமா, இருபத்தைந்தாவது அம்மா. குழுவில் ஒருவர் விடவே இல்லை: "சொல்லணுமா, மறைக்கணுமா? ஒரு முடிவு வேணுமேம்மா?"

"ஒன்பது மணிக்குச் சாவு. இரண்டரைக்குச் செய்தி. நடுவுல பன்னிரண்டு ரொட்டி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும் சார்."

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. முடிவுரை தெளிவாக இல்லையாம். உண்மைதான்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். வாய் தானாகக் கேட்டது: "பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

அம்மாவின் குரல் இறங்கியது: "ஏன்டி? யாருக்கு என்ன?"

"ஐயோ, ஒண்ணும் இல்லம்மா! பாஸாயிட்டேன்!"

"அடி பாவி, உயிரே போயிடுச்சு! அதை முதல்ல சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

திட்டி முடித்துவிட்டு, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சாபிரா அக்காவைக் கூப்பிட்டார்.