திருப்பிப் போட்ட ஜெர்சி

விதுஷாவின் அப்பாவுக்கு,

கோபித்துக்கொண்டு லுணுகலையில் அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மண் சரிந்த வருஷம் "ஆறு மாசத்துல வீடு" என்று வாக்குக் கொடுத்த அரசியல்வாதி, தேர்தல் வந்ததும் தன் படம் போட்ட ஜெர்சியை நம் தேயிலைத் தோட்டத்துக் கால்பந்து ரசிகர்களுக்கெல்லாம் கொடுத்தார். நம் லயத்து வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அந்த முகத்தை நெஞ்சில் சுமக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டேன். போன ஆட்டத்தில் நம் பையன்கள் கோல் அடித்தபோது உங்களைவிடச் சத்தமாகக் கத்தியதும் நான்தான்.

"எல்லாரும் போட்ட மாதிரி போட்டா ஒனக்கென்ன கொறைஞ்சிரும்?" என்று மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள்.

எனக்குக் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை இறுதி ஆட்டத்துக்கு அதே ஜெர்சியை அப்படியே திருப்பிப் போட்டு வருவேன். பக்கத்தில் இடம் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் எதிரணிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து நம் பையன்களுக்காகக் கத்துவேன்.

இன்னும் உங்கள் மனைவி