ஓமந்தையில் நிற்கும் பஸ்

இன்று காலை நிலாவின் தாய் முறிகண்டியில் வாங்கிய கச்சான் கடலைச் சரையை முன்பள்ளி மேசையில் வைத்துவிட்டுப் போனார். வறுத்த மணம் எழுந்ததும் என் கண், பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு நீ இருந்த கதிரைக்குத்தான் போனது. இன்னும் அதில் யாரையும் இருக்க விடவில்லை நான்.

எண்ணப் பழக்க நீ கீறிய விளையாட்டுப் பலகையும் இருக்கிறது. பளையிலிருந்து வவுனியா வரை பத்துக் கட்டம், ஒரே நேர்ப்பாதை. சோடா மூடிதான் பஸ். பாம்பும் ஏணியும் வேண்டாம், ஏறி விழுகிற கணக்கு இந்தச் சின்னதுகளுக்கு எதற்கு என்று பிடிவாதமாக நின்றாய். ஆறாம் கட்டம் முறிகண்டி. எல்லாப் பஸ்ஸும் நிற்கிற இடம் என்பதால், அங்கே வந்து சேர்கிற பிள்ளைக்கு ஒரு கச்சான் என்பது உன் சட்டம். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் ஆறு தெரிந்தது அதனால்தான்.

ஐந்தில் நிற்கும்போது தாயக்கட்டையில் இரண்டு விழுந்தால், நிற்கிற கட்டத்தையும் சேர்த்து எண்ணி முறிகண்டியில் இறங்கிவிடுவாள் நிலா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ பக்கத்தில் குந்தி, "நிக்கிற இடம் வந்து முடிஞ்ச இடம், பிள்ளை. போற இடத்தை எண்ணுங்கோ" என்பாய். அடுத்த முறையும் அவள் அதையே செய்வாள். நீ சிரிப்பாய்.

பிறகு உன்னை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே நீ செத்துப்போனதைப் பிள்ளைகளிடம் நாங்கள் மறைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பிள்ளையும் பத்தாம் கட்டத்தில் மூடியை வைப்பதில்லை.

கச்சானைக் கண்ட துணிவில், கன நாளுக்குப் பிறகு இன்று பலகையை எடுத்து வைத்தேன். நிலாவின் பஸ் ஒன்பதாம் கட்டத்துக்கு, ஓமந்தைக்கு வந்துவிட்டது. தாயக்கட்டையில் ஒன்று விழுந்தது. அவள் மூடியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வவுனியாவுக்குப் போனா திரும்பி வரேலாது, ரீச்சர்."

தினமும் எத்தனை பஸ் போய் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப எங்கட ரீச்சர்?"

தை பிறந்தால் முதலாம் வகுப்புக்குப் போகிறவள், எண்ணச் சொன்னாலும் ஒன்பதோடு வாயை மூடிக்கொள்கிறாள். அந்த வகுப்பில் யார் இவளுக்காகக் காத்திருப்பார்கள்?

பிள்ளைகள் போனபின் மூடியை நானே எடுத்தேன். ஒரேயொரு கட்டம். போகிற இடத்தை எண்ணச் சொன்ன உன் குரல் இன்னும் காதில் இருக்கிறது, கைதான் போகவில்லை. மூடியைத் திரும்பவும் ஓமந்தையிலேயே வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.