மஞ்சள் துண்டும் உறைந்த ஏரியும்

1987 பெப்ரவரி 4, புதன்

காலை சைபருக்குக் கீழே பதினொன்று. வாசல் பனி வழிப்பது இன்று என் முறை. வழித்துவிட்டுத் தபால் பெட்டியைத் திறந்தால் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு. என் பெயர், வழக்கம்போல் ஓர் எழுத்து குறைவாக. பதிவுத் தபால் வந்திருக்கிறதாம், 11ஆம் திகதிக்குள் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டுமாம். அகதிக் கேசின் முடிவாகத்தான் இருக்கும். எனக்கு வேறு யார் பதிவுத் தபால் போடப் போகிறார்கள்.

குலம் அண்ணையிடம் காட்டினேன். ஊரில் கந்தோர்க் கிளாக்கர். இந்த அகதி வீட்டில் எங்கள் ஆறு பேருக்கும் சட்டம் அவர்தான்.

"எடுக்காத. நீ கையெழுத்து வைச்சாத்தான் கிடைச்சதெண்டு கணக்கு. வைக்காட்டி அவங்கள் என்ன செய்யேலும்? கடிதம் திரும்பிப் போயிடும். உன்ர கேஸ் அப்பிடியே கிடக்கும்."

மேல் அறை ரவி எடுத்தான், நிராகரிப்பு, ஒரு மாதத்தில் ஆளே இல்லை என்று உதாரணமும் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது.

ஊரில் இருக்கும் மனைவி மலருக்குக் கடிதம். "கேஸ் இன்னும் முடிவாகவில்லை" என்று எழுதினேன். பொய் இல்லை. மகளுக்கு இந்த மாதம் ஒரு வயது. நான் இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

பனி. வெளியே போகவில்லை. பத்து மணிக்கு வாசல் மணி. தபால்காரன் என்று நினைத்து நானும் குலம் அண்ணையும் ஜன்னலுக்குக் கீழே தரையில் படுத்துவிட்டோம். அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு. "மூச்சு விடாத" என்றார், என்னைவிடப் பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டு. எட்டிப் பார்த்தால் புகைக்கூடு துடைக்கிறவன். சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் வெட்டப் போனேன்.

தகர டப்பா உடைத்து, ரின் மீன் குழம்பு. உப்புக் கூடிவிட்டது.

பதினாலு மாதம் இந்த வீட்டில். வேலை செய்ய அனுமதி இல்லை. அறை, குசினி, ஜன்னல், மலை. மலைதான் மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் நிற்கிறது.

துண்டு சட்டைப்பையில். ஏன் கிழித்து எறியவில்லை என்று தெரியவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

எல்ஸ்பெத் ரீச்சர் வந்தார். புதன்தோறும் எங்களுக்கு ஜெர்மன் படிப்பிக்கிறவர், ஓய்வுபெற்றவர், வயது எழுபது, நடை எங்களைவிட வேகம். இந்தப் புதன் பாடம் இல்லை, உறைந்த மலை ஏரிக்கு நடந்து போகலாம், யார் யார் வருகிறீர்கள் என்றார். நாலு பேருக்குத் திடீரென்று தடிமன், தும்மல். குலம் அண்ணைக்கு முழங்கால்.

அண்ணை என்னைக் குசினிக்குள் இழுத்தார். "புதன் எண்டால் பதினோராம் திகதி. நல்லதாப் போச்சு, நீ போ. பகல் முழுக்க மலையில நிண்டவன் வேணுமெண்டு எடுக்காமல் விட்டவன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

கொண்டுபோக: ரவி விட்டுப்போன சப்பாத்து (ஒரு நம்பர் பெரிது), இரண்டு சோடி காலுறை, இடையில் போட பிளாஸ்ரிக் பை. அண்ணையின் கம்பளித் தொப்பி. பாண், முட்டை.

பெப்ரவரி 11, புதன்

வந்து எழுதுகிறேன். விரல் இன்னும் மடங்கவில்லை.

ரயில், பிறகு ஏற்றம். ரீச்சர் முன்னால், நான் பின்னால் சறுக்கிக்கொண்டு. பைன் மரங்கள், பூட்டிய சாப்பாட்டுக் கடை, அதற்கப்பால் ஒரு பெரிய வெள்ளை வெளி. சுற்றிவரப் பாறைச் சுவர். ஏரி எங்கே என்று கேட்டேன். ரீச்சர் ஊன்றுகோலால் கீழே தட்டினார். அதன் மேல்தான் நிற்கிறாய், நெடுநேரமாக என்றார்.

கால் நின்றுவிட்டது. முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. அடியில் எங்கோ நீளமாக ஒரு சத்தம். ஐஸ் தடிக்கும்போது அப்படித்தான், பயப்படாதே என்றார். நான் நம்பினேன், கால் நம்பவில்லை. கையைப் பிடித்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்து, இது ஏரிப் பயம் மட்டும் இல்லையே என்றார். துண்டை எடுத்துக் காட்டிவிட்டேன். அண்ணையின் சட்டத்தையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

அவர் முகம் மாறிப்போனது. எடுக்காவிட்டாலும் எடுத்த கணக்குத்தான், ஏழாம் நாள் முடிய உனக்குக் கிடைத்ததாகவே எழுதுவார்கள் என்றார். அதிலிருந்து மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்த முப்பது நாளும் போய்விடும். இரண்டு தரம், மெல்ல மெல்லச் சொன்னார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். தபால் கந்தோர் ஆறு மணிக்குப் பூட்டும்.

ஐஸ் மேல் எப்படி ஓடினேன் என்று தெரியாது. இறக்கத்தில் மூன்று தரம் விழுந்தேன். ரயிலில் ரீச்சர் நிமிடங்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கந்தோருக்குள் போனோம். கையெழுத்து கோணலாகத்தான் வந்தது.

நாலு பக்கம். முதல் பக்கத்திலேயே 'அப்கெவீசன்', நிராகரிப்பு. ரீச்சர் அந்தச் சொல்லைப் படிப்பிக்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அழவில்லை. ரீச்சர்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். காலையில் வருகிறேன், மேல்முறையீடு எழுதலாம் என்றார்.

குலம் அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். ஏழாம் நாள் கணக்கையும் சொன்னேன். "அவவுக்கு வடிவாத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

வெயில். கூரைப் பனி சொட்டுகிறது.

ஒன்பது மணிக்கு ரீச்சர் தட்டச்சு இயந்திரத்தோடு வந்தார். குசினி மேசையில் எழுதினோம். நான் ஊரில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். மூன்று பக்கம். அனுப்பினால் பதில் வரப் பல மாதம் ஆகும், அதுவரை இங்கே இருக்கலாம் என்றார். பல மாதம் இதே ஜன்னல். இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குலம் அண்ணை தேத்தண்ணி போட்டுத் தந்தார். உட்காரவில்லை. துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ரீச்சர் கடிதத்தை மடிக்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"தம்பி, அவவிட்ட ஒருக்காக் கேள். நவம்பர் மாதம் வந்த துண்டெண்டால் என்ன செய்யலாமெண்டு."

"ஆரின்ர துண்டு அண்ணை?"

அவர் துடைப்பதை மட்டும் நிறுத்தினார்.

என்ன கேட்கிறார் என்று ரீச்சர் என்னைப் பார்த்தார். நவம்பருக்கு ஜெர்மனிலும் நவம்பர்தான். விரல் மடித்து எண்ணினேன்: ஏழு நாள், பிறகு முப்பது நாள், அண்ணையின் நாட்கள் எப்போதோ முடிந்துவிட்டன.