தலைவர் அறையில் கருவாடு

“அந்தோனியா அக்கா எங்க நிக்கப்போறா? வெரல வெச்சிக் காட்டுங்க, சேர்.”

சங்கத் தலைவராக நீங்கள் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி இன்று காலையும் என்னைத் தேடி வந்தது, நானா. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் கூட்டுறவுக் கடையின் தெருப்பக்க ஜன்னலைத் திறந்தார்கள். சூடைமீன் கருவாட்டு மணம் வீதிக்கு வந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் மூக்கைப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை.

தில்லையடியில் தகரக் கூரையின் கீழ் இருந்த நம் பழைய கடையில் இந்த மணத்தை யாரும் தனியாகக் கவனித்ததில்லை. மன்னாரிலிருந்து வந்த உங்கள் அயலவர்கள் பாதி, கண்டக்குழியில் மீன் காயவைக்கும் குடும்பங்கள் பாதி என்று தொடங்கிய சங்கம் அது. கண்டக்குழிக்காரர்கள் கருவாடு கொண்டு வருவார்கள்; அரிசியும் பருப்பும் தேங்காயெண்ணெயும் கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவரான அந்தோனியா அக்கா அதை வாசலில் சாக்கு விரித்து விற்பார். அங்கத்தவர்கள் பெருகி, ஆட்கள் மழையில் நின்று சாமான் வாங்கும் நிலை வந்தபோதுதான் டவுனில் பெரிய இடம் எடுத்தோம்.

புதுக் கடையின் வரைபடத்தை நான் மேசையில் விரித்த அந்தக் கூட்டத்துக்கு, உடம்பு முடியாமல், ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாகச் சாமான் அடுக்கும் தட்டுகள், முன்பக்கத்தில் தலைவருக்கு ஓர் அறை. கருவாட்டுக்கு மட்டும் இடமில்லை.

“ஏசிக்குள்ள வெச்சா சீனியும் மணக்கும், பிஸ்கட்டும் மணக்கும், நானா,” என்றார் பொருளாளர். அவர் சொன்னதும் பிழையில்லை.

“டவுனுக்குப் போறம், எங்கட மூக்கையும் கூட்டிட்டுத்தானே போகணும்?” என்று ஒருவர் பகிடி விட்டார்.

“மூக்க வீட்டுல வெச்சிட்டு வாங்க, தம்பி. கருவாட்ட மூக்காலயா தின்ற?” என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரும் மனம் மாறவில்லை.

அந்தோனியா அக்கா எழுந்தார். “பரவாயில்ல நானா. நாங்க ஏவாரிக்கே குடுக்கிறம்.” வெளி வியாபாரி வைத்ததுதான் விலை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கருவாடு வெளியே போனால் கண்டக்குழிக் குடும்பங்களும் சங்கத்தை விட்டுப் போய்விடும் என்பதும் தெரியும்.

“இரிங்க,” என்று அவரை நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். என் விரல் தட்டுகளைத் தாண்டிப் பின்பக்கக் களஞ்சியத்தில் போய் நின்றது. “அது மூட்டைக்கி, சேர். ஆளுக்கில்ல,” என்றீர்கள். பிறகு உங்கள் விரலைத் தலைவர் அறையில் வைத்தீர்கள்.

“இது யாருக்கு?”

“உங்களுக்குத்தான், நானா.”

“நான் இதுக்குள்ள இரிந்து என்னத்தப் பாக்க? ரோட்டுப் பக்கம் கதவும் இரிக்கி, ஜன்னலும் இரிக்கி. கடைக்குள்ள போற வாசல மட்டும் அடைச்சிக் கட்டுங்க, மணம் போகாது.”

அந்த அறையில் நீங்கள் உட்காரக் கதிரை ஒன்று செய்யக் கொடுத்திருந்ததை அன்று எப்படிச் சொல்வது? பொருளாளர்தான் பேனையை எடுத்து, ‘தலைவர்’ என்பதை வெட்டிவிட்டு ‘கருவாடு’ என்று எழுதினார்.

கடை திறக்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் ஜனாஸாவைத் தூக்கிச் சென்ற ஒழுங்கையில் கண்டக்குழிப் பெண்கள் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, மதிலோரம் நின்று அழுதார்கள். திறப்பு நாளில் அந்தோனியா அக்கா உங்கள் கதிரையைத் தூக்கி வந்து ஜன்னலருகே போட்டார். அதன் மேல் தராசை வைத்தார்.

“இதுல ஆரும் இருக்கக்கூடாது, சேர். நானாட கதிரையில வெச்சிக் கள்ள நிறை நிறுக்க ஏலாது.”

இன்றும் தராசு அங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் உதாரணம் சொல்லியே பழகியவன் நான். புது வீட்டுக்குக் குடிபோகும்போது கட்டில் எங்கே, அலுமாரி எங்கே என்று முதலில் பார்ப்போம். அம்மியின் ஞாபகம் சமைக்கப் போகும்போதுதான் வரும். அப்படித்தான் நாங்களும் கடையை வரைந்திருந்தோம். இப்போது யார் எந்த வரைபடத்தை நீட்டினாலும் என் விரல் தானாக நீள்கிறது, நானா. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அது.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு சிறு பயிற்சி: உங்கள் ஊரில் ஒரு கடையோ பள்ளியோ இடம் மாறும்போது, பழைய வாசலில் இருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, புது வரைபடத்தில் அவர் எங்கே நிற்பார் என்று விரல் வைத்துப் பாருங்கள்.