ஒரு கண்ணுக்கு இரண்டு கட்டில்

அனுப்புநர்:
எம். எஸ். எம். பௌஸி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பணிப்பாளர்,
விழிச்சுடர் நம்பிக்கை நிதியக் கண் வைத்தியசாலை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

விடயம்: என்னை இரண்டு பேராகப் பதிந்து, வலது கண் சத்திர சிகிச்சையை நிறுத்தியமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கொச்சிக்கடைக் களஞ்சியமொன்றில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணிப் பதிந்து ஓய்வுபெற்றவன். என் இடது கண்ணைக் குளுக்கோமா முற்றாகக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணில் அதுவும் இருக்கிறது, புரையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தடவையில் சத்திர சிகிச்சை செய்வோம் என்று தங்கள் வைத்தியர் அம்மா சொன்னார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த அவசரம் என்றும் சொன்னார்.

2. ஆனால் தங்கள் பதிவுப் பிரிவில் நோய்க்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு கட்டில் என்பதே வழக்கமாம். ஆகவே 2025.08.12 காலை ஏழு மணிக்குக் குளுக்கோமாவுக்காக நான்காம் வாட்டிலும், அதே நேரம் புரைக்காக ஆறாம் வாட்டிலும் நான் படுத்திருக்க வேண்டும் என்று இரண்டு துண்டுச் சீட்டு தந்தார்கள். கட்டிலில் ஆள் இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படுமாம்.

3. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போல், ஆறாம் வாட்டுக் கட்டிலில் என் குடையை வைத்தேன். தாதி குடையை ஏற்கவில்லை. அதனால் துணைக்கு வந்த மச்சான் இப்ஹாமைப் படுக்க வைத்துவிட்டு நான்காம் வாட்டுக்குப் போனேன். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். “பௌஸியா?” என்று தாதி கேட்டபோது, பௌஸிக்காக வந்தவன்தானே என்ற நினைப்பில் அவர் “ஓம், ஓம்” என்றிருக்கிறார். உடனே கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அவரோ தேத்தண்ணி வரும் என்று காத்திருந்தாராம்.

4. அங்கே அவரைப் பரிசோதித்த வைத்தியர், பௌஸியின் கண்ணில் புரையே இல்லை, கோப்புகள் முரண்படுகின்றன என்று எழுதி, இரண்டு சிகிச்சையையும் நிறுத்தினார். என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக வந்தவர் அந்தச் சொட்டு மருந்தால் கண் கூசித் தடுமாற, நான்தான் அவரைக் கைபிடித்து பஸ் ஏற்றினேன்.

5. பின்பு தங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. இரு கோப்புகளிலும் கையொப்பம் ஒத்துப்போகவில்லையாம், ஆகவே இரண்டு பௌஸிகளும் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டுமாம். கோடே தெரியாதவன் போட்ட கையொப்பம் எப்படி ஐயா ஒத்துப்போகும்? ஒரு பெட்டியில் இரண்டு முத்திரை இருந்ததற்காக நான் ஒருநாளும் இரண்டு பெட்டி என்று எழுதியதில்லை. மச்சானோ, கண் நல்லது என்ற அந்தத் தாளைச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வாங்கித் தரும்படி தினமும் கரைச்சல் கொடுக்கிறார்.

6. எனக்குப் பயமாக இருக்கிறது. போன நோன்பில் என் மனைவி ஜெஸீமாவின் முகம் ஓரளவு தெரிந்தது. இப்போது குரல் வரும் பக்கம் பார்த்துத்தான் சிரிக்கிறேன். இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கி, ஒரே கட்டிலில், ஒரே நாளில் சிகிச்சை செய்யுமாறு மன்றாடுகிறேன். எத்தனை தடவை அழைத்தாலும் வருவேன். இருவராக வரத்தான் இயலாது.

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.08.25

பணிவுடன்,
(ஒப்பம்) எம். எஸ். எம். பௌஸி

குறிப்பு: நான் சொல்லச் சொல்ல எழுதியவர் ஜெஸீமா. கையொப்பம் மட்டும் என்னுடையது. அது கோட்டை விட்டுத் திகதியின் மேல் விழுந்திருந்தால், தயவுசெய்து மூன்றாவது பௌஸிக்குக் கோப்பு திறக்க வேண்டாம்.